வீட்டோடு மாப்பிள்ளைகள்

"மதிப்பிற்குரிய அம்மையீர், தாங்கள் உடனே இவ்விடம் விட்டு அகன்றால் மிகவும் மகிழ்வேன்" என்றது பேச்சியின் காதுக்குள் இருந்த கருவி.

சொன்ன மனிதரின் முகத்தில் மகிழ்ச்சிக்கான அறிகுறி எதுவும் இல்லை. கவணில் கல்லை ஏற்றி, கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தார். செவெரினோ என்று பெயர். அந்த மேட்டுப் புல்வெளியில் லாமா மேய்க்கும் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அவர்தான் பெரிய மனிதர். அவர் ஸ்பானிய மொழியில் எதைக் கத்தினாலும் கருவி அதை வெல்லம் தடவித் தமிழில் கொடுத்துவிடும். பேச்சி திட்டினாலும் அவள் சட்டைக் காலரில் செருகியிருந்த ஒலிபெருக்கி அதை நாகரிகமான ஸ்பானிய மொழியாக்கி வெளியே விடும். வெளியூரில் தகராறு வரக்கூடாதென்று ஆய்வு நிறுவனம் செய்திருந்த ஏற்பாடு அது. தகராறு குறையவில்லை. யார் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

பேச்சி குனிந்து எலிப்பெட்டியைத் திறந்தாள். ஓட்ஸையும் நிலக்கடலை விழுதையும் தின்று முடித்துவிட்டு ஒரு புல்லெலி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பாசி படிந்த மண்ணின் நிறம், குட்டை வால், முகத்தில் ஒரு தனிச்சிறப்பும் கிடையாது. பிரேசில் கடற்கரை தொடங்கி ஆண்டீஸ் மலையின் கழுத்து வரை இதன் சொந்தக்காரர்கள் பல பத்து வகையாகப் பரவியிருந்தார்கள். எல்லோருக்கும் ஏறத்தாழ இதே முகம்தான். நிறத்தைப் பார்த்து உறவு சொன்ன ஆய்வாளர்கள் நூறு வருடமாக ஏமாந்துகொண்டிருந்தார்கள். பேச்சி காது ஓரத்தில் ஒரு துணுக்கை நறுக்கி எடுத்துக்கொண்டு எலியை விட்டாள்.

"காய்ச்சல் கீழே பள்ளத்தாக்கில் உள்ளது" என்றார் செவெரினோ. "எங்கள் எலிகள் எவர் உயிரையும் கவர்ந்ததில்லை. தாங்கள் கீழே சென்று தங்கள் பணியைத் தொடரலாமே."

"உங்க எலிக்கு ஒன்னும் ஆவாதுன்னு உறுதி பண்ணத்தான் வந்திருக்கேன்."

"தங்கள் தமையனாரும் இதையே உரைத்தார்" என்றது கருவி. அதே நொடி கல் பறந்து வந்து பெட்டியின் தகட்டை நசுக்கிற்று. அதை மொழிபெயர்க்கக் கருவிக்கு வழியில்லை.

பேச்சி பெட்டிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

*

கீழே, யுராக்மாயு என்ற சிற்றூரில், எவாரிஸ்தா என்கிற பெண்ணின் உருளைக்கிழங்குக் கொட்டகைதான் ஆய்வுக்கூடம். ஒரு காலத்தில் அவள் மகன் அபேல் அந்தக் கொட்டகையைத்தான் கூட்டிப் பெருக்கினான். எலி மூத்திரம் காய்ந்த தூசு மூச்சில் போயிற்று. காய்ச்சல் கண்ட சில நாளிலேயே நுரையீரல் நிறையத் தண்ணீர் கோத்துச் செத்துப்போனான். அந்த ஆற்றோரத்தில் அப்படிச் செத்தவன் அவன் ஒருவன் மட்டும் அல்ல. அதனால்தான் அவள் கொட்டகையை வாடகை வாங்காமல் கொடுத்திருந்தாள். வாடகை வாங்காதவளுக்கு யாரை வேண்டுமானாலும் ஏசும் உரிமை உண்டு என்பது போல நடந்துகொண்டாள். பேச்சியின் முன்னால் சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்த வேகத்தில் ஒரு கிழங்கு தெறித்துத் தரையில் உருண்டது.

"பசியாறுங்கள். நீங்கள் உண்டு முடிப்பதற்குள் இன்னும் ஒரு குழந்தை இறைவனடி சேரும்" என்றது கருவி.

பேச்சி காதுத் துணுக்குகளின் மரபணுவைப் படித்த கைக்கருவி காட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஒருமுறை படிக்கவிட்டாள். அதே விடைதான் வந்தது.

தளவாய் உள்ளே வந்தான். திட்டத்தின் தலைவன், பேச்சிக்குப் பெரியப்பா மகன். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

"என்னட்டி, மேல கல்லெறிஞ்சானாமே?"

"எலிப்பொட்டில பட்டுது. தலைல பட்டிருந்தா ஒங்களுக்கு ஒரு பங்காளி கொறஞ்சிருப்பா."

"அதுக்கெல்லாம் நான் குடுத்து வைக்கணும்லா."

அவள் சிரிக்கவில்லை. "அண்ணே, மேல பிடிச்ச எலில கீழெலி ரத்தம் கலந்திருக்கு."

"இருக்காது."

"பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாக்காமலே சொல்லுதேன். ரெண்டுக்கும் தொடுப்பு விட்டுப் பல லட்சம் வருசம் ஆச்சு. தாய்வழி உறவு மரத்துல ரெண்டும் தனித்தனிக் கொப்பு. நடுவுல ஒரு எல கூட ஒட்டல. அந்த மரத்தப் பாத்துத்தான் இந்த ஊரு சர்க்காரே நமக்கு அனுமதி குடுத்துச்சு. நாளைக் கழிச்சுக் கூண்டத் தொறக்கோம். இப்ப வந்து இதென்ன புதுக்கத?"

கொட்டகையின் மறுகோடியில், கம்பி வலைக்குப் பின்னால், அந்தக் கூண்டுகள் இருந்தன. உள்ளே இருந்தவை பள்ளத்தாக்கில் காய்ச்சல் பரப்பும் கீழெலிகள், எல்லாம் ஆண். ஒவ்வொன்றின் உடம்பிலும் தளவாய் ஒரு மலட்டு மரபணுவைக் கோத்திருந்தான். வழக்கமாகக் குட்டிகளில் பாதிக்குத்தான் ஒரு மரபணு போகும். இது எல்லாக் குட்டிக்கும் போகும். ஆண் குட்டி அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். பெண் குட்டிக்குச் சினை பிடிக்காது. விஷம் இல்லை, பொறி இல்லை. கல்யாணம் பண்ணியே ஒரு குலம் அற்றுப்போகும். காட்டில் அதை அடையாளம் காண்பதற்கென்று இன்னொன்றையும் சேர்த்திருந்தான்: நீல விளக்கைக் காட்டினால் அந்த எலிகளின் பாதம் பச்சையாக ஒளிரும். அந்த விளக்கு அவன் பெட்டிக்குள்தான் கிடந்தது. கூண்டுக்கு வெளியே அதற்கு வேலை வந்ததில்லை.

இதற்கு வேலி என்று எதுவும் போட முடியாது. இரண்டு எலிகள் கூடினால் மரபணு தாண்டும், கூடாவிட்டால் தாண்டாது. உறவு எங்கே முடிகிறதோ அதுதான் வேலி. எனவே உறவுமுறை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவன் தளவாய் என்று மூன்று நாட்டு அரசாங்கங்கள் நம்பின.

"தாய்வழி மரந்தான அது?" என்றாள் பேச்சி. "அம்மாட்டருந்து மட்டும் வார மரபணுத் துண்ட வச்சுப் போட்டது. அப்பன் எங்கருந்து வந்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தா பாரு. ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குப் பொட்ட போனா, அவ கூட அவ அம்மாட்ட வாங்குன துண்டும் போவும். கீழத் துண்டு மேல கெடக்கும், மேலத் துண்டு கீழ கெடக்கும். அப்படிக் கெடக்கா? இல்ல. அப்போ போக்குவரத்து இல்லன்னு அர்த்தம்."

"பொட்டதான் போவும்னு யாரு சொன்னா?"

"பொறவு? ஆம்பள போயி பொண்ணு வீட்ல குந்துவானா? எல்லாரும் சித்தப்பா மாதிரின்னு நெனச்சியோ?"

கம்பி வலைக்குப் பின்னால் ஏதோ ஒரு எலி கீச்சென்றது. தளவாய் சொன்ன சித்தப்பா பேச்சியின் அப்பா. கல்யாணமான கையோடு மனைவியின் ஊருக்கே போய் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்தவர். அந்த ரோசத்தில் தாத்தா அவர் பங்கு நிலத்தையும் மூத்த மகனுக்கே எழுதி வைத்தார். அந்த நிலத்தை விற்றுத்தான் தளவாய் வெளிநாட்டில் படித்தான். இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றது அப்போதுதான்.

பேச்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்குப் பதிலாக வேறொரு நினைவு வந்தது. தளவாய் தன் முதல் ஆராய்ச்சிக்காகத் தாமிரபரணிக் கரை ஊர்களில் எச்சில் மாதிரி எடுத்தபோது, கல்லூரி மாணவியாக இருந்த அவள்தான் வீட்டுக்குத் தெரியாமல் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். பிறந்த ஊர் எது என்று கேட்டால், ஒவ்வொரு பெண்ணும் வேறொரு ஊரின் பெயரைச் சொல்வாள். ஒவ்வோர் ஆணும் தான் நிற்கிற தரையைக் காட்டுவான். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவன் தன் கணினி நிரலை எழுதினான். அதே நிரலில்தான் பிறகு எலிகளையும் போட்டான்.

"அண்ணே, அந்த நிரலத் தெறங்க."

"எதுக்கு?"

"தெறங்கன்னா தெறங்களேன்."

அவளே மடிக்கணினியை இழுத்தாள். முதல் பக்கத்துக்கு அடியில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், ஒரு வரி இருந்தது. 'இடம் பெயரும் பால்: பெண்.' ஊர் ஊராகப் பெண்கள் வாக்கப்பட்டுப் போன கணக்கில் எழுதிய வரி. எலிக்கு மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இங்க ஆம்பளதாம்ணே மல ஏறுதான்" என்றாள் பேச்சி. "பொட்ட எலி பொறந்த பொந்த விட்டு நவுராது. கீழருந்து ஆம்பள எலி போயி மேல குடும்பம் நடத்துது. அது அம்மா துண்டக் குட்டிக்குக் கடத்தாது, அதான் ஒங்க மரத்துல தெரியல. இந்த எலி அம்புட்டும் எங்கப்பா மாதிரி வீட்டோட மாப்பிள்ள."

அந்தச் சொல்லை மாற்றினாள். காது மாதிரிகளின் முழுக் கணக்கையும் உள்ளே கொடுத்தாள். திரையில் மரம் கலைந்து மறுபடியும் வளர்ந்தது. இரண்டாகப் பிரிந்து நின்ற கொப்புகளுக்கு நடுவே மெல்லிய இழைகள் ஓடின. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாதபடி. எல்லாம் கீழிருந்து மேலே போயின. கடைசியில் அது மரம் போலவே இல்லை, சிலந்தி நூல் அடைத்த மூலை போல இருந்தது.

தளவாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"எத்தன தலமொறைல மேல ஏறும்?"

"ஒரு மழக்காலத்துக்கு ரெண்டு தலமொற. மெதுவா ஏறும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." பிறகு குரலை உயர்த்தினான். "சரி, ஏறட்டும். மேலெலியும் சாவட்டுமே. எலிதானட்டி? அதுக்கு வக்காலத்து வாங்கவா ஒன்னக் கூட்டியாந்தேன்?"

"எலிக்கு இல்ல. யோசிச்சுப் பாருங்க. நம்ம மரபணு பத்துத் தலமொறைல வலு கொறஞ்சு அத்துப்போவும். சர்க்காரு அப்படிக் கேட்டுதான நாம செஞ்சோம்? அதுக்குள்ள இந்தப் பள்ளத்தாக்கு காலியாவும். ஆனா கீழெலிக்கு ஒலகம் பெரிசு. அடுத்த பள்ளத்தாக்குல இருக்கு, அதுக்கு அடுத்ததுலயும் இருக்கு. அங்கருந்து திரும்பி வந்துரும். மேலெலிக்கு இந்த ஒரு மேடுதான். அது அத்துப்போனா எங்கருந்து வரும்?"

தளவாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"மேல இருக்க பொந்தெல்லாம் காலியா கெடக்கும். கீழெலி அங்க போயிக் குடியேறும், காய்ச்சலோட. இத்தன நாளா கீழெலிய மேல எடம் பிடிக்கவிடாம வச்சிருந்ததே இந்த மேலெலிக் கூட்டந்தான். ஏறிப் போவுத ஆம்பளயோட காய்ச்சல் மேலெலிகிட்ட ஒட்டல. அந்த லாமாக்காரங்களுக்கு ஆசுபத்திரி ஏது? ரோடு ஏது?"

எவாரிஸ்தா இத்தனை நேரமும் கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சி கழற்றி மேசை மேல் வைத்திருந்த ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அவள் மொழியில் முணுமுணுத்திருந்தது. எழுந்து வந்தாள்.

"நீங்கள் எலிகளுக்கு உறவினர்களைத் தேடுகிறீர்கள்" என்றாள். கருவிக்கு இதில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை போல. "அபேலுக்கு உறவு நான். எங்கள் பிள்ளைகள் இன்றைக்குச் சாகிறார்கள். மேலே இருப்பவர்கள் என்றைக்கோ சாகலாம் என்கிறீர்கள். நிச்சயமாகத் தெரிய எவ்வளவு காலம் வேண்டும்?"

"ஒரு வருசம்" என்றாள் பேச்சி.

எவாரிஸ்தா தரையில் கிடந்த கிழங்கைக் காலால் நசுக்கிவிட்டு வெளியே போனாள்.

"கீழ வச்ச பொட்டி எல்லாங்கூட காலியாத்தான் கெடக்கு" என்று பேச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அதையும் பாக்கணும்."

"குளிருட்டி. குளிர்ல எலி வெளிய வருமா?" என்றான் தளவாய். மடிக்கணினியை மூடினான். "நாளைக்கு ஊர்க் கூட்டத்துல நீ வாயத் தொறந்த, ஒன் வேல அன்னைக்கே போச்சு. அதையும் நெனச்சுக்கோ."

"தொறப்பேன்."

*

கூட்டம் பள்ளிக்கூட முற்றத்தில். ஊர் முழுவதும் வந்திருந்தது. சிலர் செத்துப்போன பிள்ளைகளின் தொப்பிகளைத் தலையில் வைத்திருந்தார்கள். பேச்சி என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் தளவாய் எழுந்துவிட்டான்.

"கூண்டைத் திறக்கப் போவதில்லை" என்றான். "மரத்தில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. ஒரு வருடம் ஒத்திவைக்கிறோம்."

பேச்சி திகைத்து நின்றாள். முதல் மண்கட்டி அவன் தோளில் விழுந்தது. அடுத்தது அவள் காதோரம் போயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். கருவி எல்லாக் குரலையும் சேர்த்து, "பொதுமக்கள் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்தது. எவாரிஸ்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தளவாயின் காலரில் இருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிக் குதிகாலால் மிதித்து நொறுக்கினாள். பிறகு அவன் முகத்துக்கு நேராகச் சொன்னதை எந்தக் கருவியும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது பேச்சியின் பையும் பூட்ஸும் எலிப்பெட்டிகளும் தெருவில் கிடந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது.

"நீ ஜெயிச்சாச்சுல்லா" என்றான் தளவாய், தலையிலிருந்து மண்ணைத் தட்டியபடி.

"ஏம்ணே இப்படிச் சட்டுனு ஒத்துக்கிட்டிய?"

"தப்புன்னா தப்புதான்."

இவனைப் பற்றிப் பேச்சி இத்தனை வருடம் என்னென்ன நினைத்திருந்தாள். நிலத்தைத் தின்றவன், பெயரைத் தின்றவன், சொந்தத் தங்கைக்கு வேலை கொடுக்கும்போதுகூட எலி பிடிக்கத் தகுந்தவள் என்று எழுதியவன். தெருவில் கிடந்த பூட்ஸை எடுத்து அதற்குள் இருந்த தண்ணீரைக் கொட்டினாள். முதல் தடவையாக அவனுக்காக வெட்கப்படாமல் அவன் பக்கத்தில் நடந்தாள்.

காத்திருக்கும் வருடத்தின் முதல் வேலை, மேலே மலட்டு மரபணு எதுவும் இல்லை என்று காட்டுவது. எந்த ஆய்வுக்கும் அதுதான் முறை. மேலெலிகளைப் பிடித்து நீல விளக்கில் காட்டி, பாதம் ஒளிரவில்லை என்று பதிந்துவைக்க வேண்டும். விளக்கைக் கேட்டாள்.

"அது எதுக்கு இப்ப? பொறவு பாத்துக்கலாம்" என்றான் தளவாய். "பேட்டரியும் போயிருக்கும்."

பேட்டரி போயிருக்கவில்லை. அவன் தலைநகரத்தோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சி பெட்டியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டாள்.

*

மேட்டில் வெயில் கண் கூசியது. செவெரினோ தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டார். கவணைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"அம்மையீர், மீண்டும் வருகை புரிந்தமை..."

"ஒங்களுக்கு நல்ல சேதி" என்றாள் பேச்சி. "கூண்டத் தொறக்கல. நிறுத்திட்டோம்."

அவர் நம்பவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தின நாள் இருட்டியபின் வைத்துவிட்டுப் போயிருந்த பெட்டிகளில் முதலாவதைத் திறந்து எலியைக் கையில் எடுத்தாள். இளம் பெண் எலி, இந்த வருடம் பிறந்தது. வெளிச்சம் படாமலிருக்கக் கறுப்புத் துணிப்பைக்குள் அதை விட்டு, தன் தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள்.

பச்சை.

நான்கு சின்னப் பாதங்கள், விரல் விரலாக, மின்மினி போல.

அடுத்த பெட்டி. பச்சை. அதற்கடுத்த எலி ஒளிரவில்லை. அதற்கடுத்தது ஒளிர்ந்தது.

பைக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு பேச்சி மூச்சு விட்டாள். துணியின் புழுங்கிய வாசம் அடித்தது. கூண்டுகள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. இது இங்கே பிறந்த எலி. இதன் அப்பன் இங்கே பிறந்திருக்கலாம். அவனுடைய அப்பனோ, அதற்கும் முந்தியவனோ, கொட்டகையிலிருந்து கிளம்பியவன். பள்ளத்தாக்கில், எலி அற்றுக் காலியாகக் கிடந்த பெட்டிகள். குளிருட்டி. எத்தன தலமொறைல மேல ஏறும்? சும்மாதான் கேட்டேன்.

அனுமதி வருவதற்கு முன்பே, யாரிடமும் சொல்லாமல், ஒரு கூண்டை அவன் திறந்துவிட்டிருக்கிறான். தன் மரத்தை அவ்வளவு நம்பியிருக்கிறான். ஒரு வருடம் கேட்டவள் அவள். அவன் ஏன் அத்தனை சுலபமாகக் கொடுத்தான் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கொடுப்பதற்கு அவனிடம் எதுவுமே மிச்சம் இருக்கவில்லை.

தலையை வெளியே எடுத்தாள். செவெரினோ நெருங்கி வந்திருந்தார். பையைக் காட்டி ஏதோ கேட்டார்.

பேச்சி காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். காலரில் இருந்ததையும் கழற்றி இரண்டையும் ஒரு பாறை மேல் வைத்தாள். அது இதையும் இனிப்பாக்கிவிடும். பையை அவர் தலைக்கு மேல் பிடித்து, விளக்கைப் போட்டுக் காட்டினாள். அவர் உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்களுடையது" என்றாள், தெரிந்த ஸ்பானியச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி. "முன்பே வந்துவிட்டது."

அவர் எலியின் வயிற்றை விரலால் தொட்டார். குட்டி போடுமா என்று கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. இல்லை என்று தலையாட்டினாள். அவர் திரும்பித் தன் குடிசைப் பக்கம் பார்த்தார். அங்கே கொடியில் சின்னப் பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"எப்போது?" என்றார்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். காய்ச்சல் எப்போது மேலே ஏறும் என்ற விடைதான் தெரியவில்லை.

செவெரினோ எலியை மெல்ல எடுத்துப்போய் அதன் பொந்து வாயில் விட்டார். அது உள்ளே ஓடியது. கவணில் இருந்த கல்லை எடுத்து அந்தப் பொந்தை அடைத்தார். குனிந்து இன்னொரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். வானம் தொடும் வரை புல். புல் நிறையப் பொந்துகள். கையில் கல்லோடு, எதை அடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அதைக் கவணில் ஏற்றி, அவள் பக்கம் திரும்பினார்.

பேச்சி நகரவில்லை.